வெளியே கருகல், உள்ளே சொதசொதப்பு: பிரெஞ்சு டோஸ்ட் எங்கே தவறுகிறது?

கேள்வி: என் மகள் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பிரெஞ்சு டோஸ்ட் கேட்கிறாள். நானும் முட்டை, பால், சர்க்கரை எல்லாம் அடித்து, கடை பிரெட்டை முக்கி, தோசைக்கல்லில் போட்டு எடுக்கிறேன். வெளியே கருகிவிடுகிறது, உள்ளே சொதசொதவென்று இருக்கிறது. முட்டை வாடை வேறு. சில சமயம் முக்கும்போதே பிரெட் பிய்ந்து கிண்ணத்தில் விழுந்துவிடும். "இது பாம்பே டோஸ்ட்மா" என்கிறாள். முந்தின நாள் பிரெட்டில் செய்யச் சொல்லிச் சமையல் குறிப்புகளில் போட்டிருக்கிறார்கள். அப்படியும் செய்து பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். அவருக்கும் ஒரு வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. குறை பிரெட்டில் இருக்கிறது. பிய்ந்து விழுவது, உள்ளே வேகாமல் இருப்பது, அதை வேகவைக்கப் போய் வெளியே கருகுவது, எல்லாமே அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன. பெரும்பாலான குறிப்புகள் முட்டைக்கும் பாலுக்கும் பத்து வரி எழுதிவிட்டு, பிரெட்டை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. நான் அதைத் திருப்பிப் போட்டு எழுதுகிறேன்.

'முந்தின நாள் பிரெட்' என்ற யோசனை, அன்றன்று சுட்டுக் காகிதத்தில் சுற்றித் தரும் பேக்கரி ரொட்டிக்காகச் சொன்னது. பிரான்ஸில் தினமும் வாங்கும் பாகெட்டில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் என்று நாலே பொருள்தான். ஒரு ராத்திரி வெளியே கிடந்தால் காலையில் விறைத்துவிடும். நம் கடையில் பாலிதீன் கவரில் வரும் பிரெட் அந்த ஜாதி இல்லை. கவரின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பூஞ்சை பிடிக்காமலிருக்க 282 என்ற எண்ணுள்ள கால்சியம் புரோப்பியனேட்டும், மென்மை போகாமலிருக்க 471, 481 போன்ற எண்களுள்ள எமல்சிஃபையர்களும் பெரும்பாலும் இருக்கும். இரண்டு நாள் அல்ல, மூன்று நாள் வைத்தாலும் கவருக்குள் இருக்கிற ஈரம் கவருக்குள்ளேயேதான் இருக்கும்.

பிரெட் பழசாவது வேறு, காய்வது வேறு. பழசாகும்போது அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி இறுகிக் கெட்டிப்படுகிறது. தண்ணீர் வெளியே போகவே வேண்டும் என்பதில்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் இந்த இறுக்கம் இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆனால் சூடு பட்டால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும். ஆகவே நீங்கள் ஒரு நாள் காத்திருந்து எடுத்த பிரெட்டும் கல்லில் சூடேறியதும் பழையபடி இளகிவிட்டிருக்கும். நமக்கு வேண்டியது ஈரம் குறைந்த பிரெட். உள்ளே இடம் காலியானால்தான் பாலும் முட்டையும் நடுவரைக்கும் இறங்கும், துண்டும் உருக்குலையாமல் நிற்கும்.

ஓவன் இல்லாவிட்டால் பரவாயில்லை. கனமான கல்லை மிகச் சிறு தீயில் வையுங்கள். எண்ணெய் எதுவும் விடாமல் துண்டுகளைப் பரப்பி, பக்கத்துக்கு மூன்று நாலு நிமிடம் விடுங்கள். நிறம் மாறக் கூடாது. எடுத்துத் தட்டில் வைத்தால் அடியில் ஆவி வியர்த்து மறுபடி ஈரமாகிவிடும். மாவு சலிக்கிற சல்லடையைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து ஆறவிடுங்கள். நகத்தால் சுரண்டினால் மேற்புறம் சொரசொரவென்று இருக்க வேண்டும். நடுவில் அழுத்தினால் இன்னும் கொஞ்சம் இசைந்து கொடுக்க வேண்டும். ரஸ்க் ஆகிவிட்டால் காரியம் கெட்டது. ஓவன் உள்ளவர்கள் 150 டிகிரி செல்சியஸில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, நடுவில் ஒரு தடவை திருப்பிவிட்டால் போதும்.

கனமும் முக்கியம். கடையில் வெட்டி வரும் துண்டு மெல்லிசு. அதில் மொறுமொறுப்பு வரும், உள்ளே அந்தப் பதமான மெத்துமெத்துப்பு வர இடமே கிடையாது. உங்கள் பேக்கரியில் வெட்டாத மில்க் பிரெட் கேட்டு வாங்கி, நீங்களே இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டுங்கள். முட்டையும் வெண்ணெயும் சேர்த்துப் பிசையும் பிரியோஷ் ரொட்டியைத்தான் பிரான்ஸில் இதற்கு விசேஷமாகச் சொல்வார்கள். நம் ஊரில் எளிதாகக் கிடைப்பதில் மில்க் பிரெட்தான் அதற்குக் கிட்டத்தில் நிற்கும். புதுச்சேரி பக்கம் இருப்பவர்களுக்கு பாகெட்டே கிடைக்கிறது. அதைச் சாய்வாக வெட்டினால் அருமையாக வரும்.

இனி முட்டைக் கலவை. இரண்டு சென்டிமீட்டர் துண்டு நாலுக்கு ஒரு முழு முட்டை, கூடவே இரண்டு மஞ்சள் கரு, காய்ச்சி நன்றாக ஆறிய பால் 200 மில்லி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, வனிலா எசன்ஸ் அரைத் தேக்கரண்டி. பால் சூடாக இருந்தால் முட்டை திரிந்துவிடும், அதில் அவசரம் வேண்டாம். பட்டைத்தூள் பிடிக்குமென்றால் முதலில் சர்க்கரையோடு கலந்து, அதை முட்டையில் போட்டு அடித்துவிட்டுப் பிறகு பாலை ஊற்றுங்கள். பாலின் மேல் நேரடியாகத் தூவினால் திட்டுத் திட்டாக மிதந்து, முதல் துண்டே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும்.

முட்டை வாடை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பெரும்பாலும் வெள்ளைக் கருதான் காரணம். அதில் கந்தகம் கலந்த புரதம் அதிகம், கடுஞ்சூட்டில் வாடை கிளம்பும். அதனால்தான் வெள்ளையைக் குறைத்து மஞ்சளைக் கூட்டியிருக்கிறேன். இன்னொன்று, எவ்வளவு அடித்தாலும் வெள்ளைக் கருவில் கயிறு மாதிரி சில இழைகள் கரையாமல் நிற்கும். அவை பிரெட் மேல் ஒட்டி, வெந்ததும் ஆம்லெட் துணுக்காகத் தெரியும். டீ வடிகட்டியில் ஒரு தடவை வடித்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைத் தவறாமல் செய்தாலே பாதி வித்தியாசம் தெரியும்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் ஹார்லி தொகுப்பில் 279 என்ற எண்ணுள்ள சமையல் கையெழுத்துப் பிரதி ஒன்று இருக்கிறது. 1430 வாக்கில் எழுதியது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இந்தப் பலகாரத்தை 'பான் பெர்து' என்றுதான் சொல்கிறார்கள். கிட்டத்தட்ட அதே பெயரில் அந்தப் பிரதியில் ஒரு சின்னக் குறிப்பு வருகிறது. வெள்ளையை நீக்கி மஞ்சள் கருவை மட்டும் எடுத்து வடிகட்டச் சொல்கிறது. உப்புச் சேர்க்கச் சொல்கிறது. உருக்கித் தெளியவைத்த வெண்ணெயில் வாட்டச் சொல்கிறது, சட்டியில் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவும் சொல்கிறது. சர்க்கரை கடைசியில்தான், வெந்து எடுத்த பிறகு மேலே தூவ. அறுநூறு வருஷத்துக்கு முந்தைய அடுக்களையில் யாரோ இத்தனையையும் கவனித்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை உண்டாகிறது. அந்தக் குறிப்பில் பால் கிடையாது. பாலைச் சேர்க்கும்போதுதான் பிரெட்டைக் காயவைக்கும் வேலையும் கட்டாயமாகிறது.

முக்குவதற்குக் கிண்ணம் வேண்டாம், துண்டு படுக்கிற மாதிரி அகலமான குழித்தட்டு எடுங்கள். காய்ந்த கனமான துண்டுக்குப் பக்கத்துக்கு ஒரு நிமிடம். மெல்லிய கடைத் துண்டுக்கு இருபது விநாடி தாராளம். தோசைத் திருப்பியால் அடியில் தாங்கி எடுத்து, வழிவது நின்று சொட்டுச் சொட்டாக விழும் வரை பிடித்திருந்து கல்லில் போடுங்கள்.

கல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தோசை வார்க்கும் கல்லில் இதைச் செய்யாதீர்கள். முட்டையும் சர்க்கரையும் பட்ட கல்லில் அடுத்த நாள் தோசை ஒழுங்காக எழும்பாது. சப்பாத்திக் கல்லோ, நான்ஸ்டிக் தவாவோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கருகுவதற்கு இரண்டு காரணம். ஒன்று தீ, இன்னொன்று வெண்ணெய். வெண்ணெயில் இருக்கும் பால் சத்துதான் முதலில் கருகுகிறது. தெளியவைத்த வெண்ணெயில் அது கிடையாது. நம் வீட்டு நெய்யும் அந்த வகைதான், எளிதில் கருகாது. ஆனால் முழுக்க நெய்யில் செய்தால் மணம் நெய்ப் பலகாரமாகிவிடும். அரைத் தேக்கரண்டி நெய்யும் அரைத் தேக்கரண்டி வெண்ணெயும் சேர்த்து விடுங்கள். வெண்ணெய் நுரைத்து, அந்த நுரை அடங்கும் நேரம்தான் பிரெட் போட வேண்டிய நேரம்.

தீ மிதமானதற்கும் சற்றுக் கீழே இருக்கட்டும். வெறும் முட்டை 60 டிகிரி தாண்டியதும் இறுக ஆரம்பிக்கும். பாலும் சர்க்கரையும் கலந்த முட்டை கெட்டிப்பட கிட்டத்தட்ட 80 டிகிரி வரை சூடு வேண்டும். அந்தச் சூடு இரண்டு சென்டிமீட்டர் துண்டின் நடுவுக்குப் போய்ச் சேர நேரம் கொடுத்தாக வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் நீங்கள் எழுதியிருக்கும் அதே கதைதான். முதல் பக்கத்தை மூடி போட்டு மூன்று நாலு நிமிடம் வையுங்கள். திருப்பியபின் மூடி வேண்டாம், ஆவி நின்றால் மேல்தோல் நமத்துவிடும். இன்னொரு மூன்று நிமிடத்தில் நடு லேசாக உப்பும். விரலால் அழுத்தினால் மேலே எழும்ப வேண்டும். ஓரத்தில் பால் கசிந்தால் இன்னும் வேகவில்லை. சமையல் வெப்பமானி இருந்தால், பதத்துக்கு 80-ஐ நெருங்கட்டும்; முட்டை பாதுகாப்பாக வெந்திருக்க நடுவில் 71 டிகிரிக்குக் கீழே மட்டும் இருக்கக் கூடாது.

கலவையில் சர்க்கரையைக் குறைத்துப் போடச் சொன்னதும் கருகலுக்குப் பயந்துதான். இனிப்பு போதவில்லை என்றால் கடைசியில் மேலே ஒரு தேக்கரண்டி சர்க்கரை தூவி, அந்தப் பக்கத்தைத் திருப்பி அரை நிமிடம் விடுங்கள். மெல்லிய கண்ணாடித் தகடு போல ஓடு கட்டும். கண்ணை எடுக்காதீர்கள், பத்து விநாடி தாமதித்தால் கசக்கும்.

மேலே ஊற்ற மேப்பிள் சிரப் என்பார்கள். ஒரு லிட்டர் சிரப்புக்குச் சுமார் 40 லிட்டர் மரச்சாறு காய்ச்ச வேண்டும், அதனால் விலை அதிகம். மலிவாகப் பான்கேக் சிரப் என்று விற்பது பெரும்பாலும் மணம் சேர்த்த சர்க்கரைப் பாகு. அதற்கு நல்ல தேனே மேல்.

மகள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பாம்பே டோஸ்ட் தனிப் பலகாரம். மெல்லிய பிரெட், தூக்கலான சர்க்கரை, கொஞ்சம் கூடுதல் தீ, ஓரமெல்லாம் மொறுமொறு. இலங்கையிலும் அதே பெயரில் செய்கிறார்கள். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஆனால் அவள் கேட்பது உள்ளே பதமாக, மெத்தென்று இருப்பது.

மாமியாருக்கு வழி இருக்கிறது. ரோமானியர்களின் 'அபிசியஸ்' என்ற பழைய சமையல் தொகுப்பில் ரொட்டியைப் பாலில் நனைத்து, எண்ணெயில் பொரித்து, தேன் ஊற்றிப் பரிமாறச் சொல்லும் குறிப்பு ஒன்று இருக்கிறது. அதில் முட்டையே கிடையாது. நாம் இன்னும் எளிதாகக் கஸ்டர்ட் பவுடரில் செய்யலாம். இங்கிலாந்தில் ஆல்ஃபிரெட் பேர்ட் என்பவர் 1837-ல் அதை உண்டாக்கியதே, மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாமல் இருந்ததால்தான். மூலப்பொருள் சோளமாவு. ஆறிய பால் 150 மில்லியில் ஒரு மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடரும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் கரையுங்கள். மாவு அடியில் போய்த் தங்கும், ஒவ்வொரு துண்டை முக்குமுன்பும் கிளறிவிட வேண்டும். இதற்கு ஒரு சென்டிமீட்டர் துண்டு போதும். பக்கத்துக்குப் பத்து விநாடி முக்கி, அதே சிறு தீயில் வாட்டுங்கள். பதம் முட்டை போட்டதற்குச் சமமாக இருக்காது, வாய்க்கு ருசியாக இருக்கும். பேக்கரி பிரெட்டிலேயே முட்டை இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். கவர் பிரெட்டிலும் கஸ்டர்ட் பவுடரிலும் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கழுவிய கல்லில் அவருடையதை முதலில் செய்துவிட்டுப் பிறகு முட்டையைத் தொடுங்கள்.

மகள் வருவதற்கு முன் ஒரு நாள் இரண்டே இரண்டு துண்டு போட்டுப் பாருங்கள். உங்கள் அடுப்பில், உங்கள் கல்லில் எவ்வளவு நேரம் என்பது அதிலேயே பிடிபட்டுவிடும். பிடிபட்டதும் பக்கத்துக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.