புதிய பிரேக் பேட் போட்ட பிறகு பார்க்க வேண்டியவை

நம் வீடுகள் பலவற்றில் ஒரே பைக்தான் எல்லா வேலைக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கடைக்குப் போவது, மாலையில் மதரஸாவிலிருந்து அழைத்து வருவது எல்லாம் அதில்தான். டிஸ்க் பிரேக்குக்குப் புதிய பேட் போட்டதும் இனிக் கவலையில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் பேட் மாற்றிய பின் வரும் முதல் சில நிமிடங்களில்தான் அதிகக் கவனம் தேவை. அதற்கான காரணத்தையும், பார்க்க வேண்டியவற்றையும் இங்கே தருகிறோம்.

முதல் அழுத்தம் ஏன் வேலை செய்வதில்லை?

பேட் தேயத் தேய, காலிபருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே நகர்ந்து வரும். புதிய பேட் தடிமனாக இருப்பதால், அதற்கு இடம் கிடைக்க மெக்கானிக் பிஸ்டனை உள்ளே தள்ளுவார். அப்போது ஓர் இடைவெளி விழுகிறது. முதல் தடவை லீவரைப் பிடிக்கும்போது அந்த இடைவெளி மூடுவதற்கே அழுத்தம் செலவாகிவிடும். லீவர் கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது. இது ஒர்க்‌ஷாப் வாசலில் தெரிந்தால் பிழைத்தோம். முதல் திருப்பத்தில், பின்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தால் என்ன ஆகும்?

வண்டியை நகர்த்தும் முன்

1. லீவர்: வண்டி நின்ற நிலையிலேயே, லீவர் கெட்டியாகும் வரை பலமுறை அழுத்தி விடுங்கள். பிறகு அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று இருக்கலாம். பிடித்திருக்கும்போதே மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கலாம். இரண்டில் எது இருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள். பின்சக்கரத்திலும் டிஸ்க் இருந்தால் மிதியையும் இப்படியே சோதியுங்கள்.

2. பிரேக் ஆயில்: ஹேண்டில்பாரை நேராக வைத்து அளவைப் பாருங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் மேலேறும்; இடையில் யாராவது ஊற்றி நிரப்பியிருந்தால் வழியவும் செய்யும். அது பெயின்ட்டை அரிக்கும் என்பதால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். டாட் 3, டாட் 4 என்று மூடியில் எது எழுதியிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும்.

3. சக்கரம்: சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரம் தரையில் படாதபடி தூக்கிச் சுற்றுங்கள். லேசான உரசல் சத்தம் கேட்கலாம். ஆனால் லீவரை விட்ட பிறகும் சக்கரம் இறுகி நின்றால் பிஸ்டன் திரும்பவில்லை என்று பொருள்.

4. போல்ட்டும் டிஸ்க்கும்: காலிபர் போல்ட்டுகளையும், பேடைப் பிடித்திருக்கும் பின்னையும் சரியாக முடுக்கினாரா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். டிஸ்க்கில் எண்ணெயோ கிரீஸோ பட்டிருக்கக் கூடாது. டிஸ்க் எவ்வளவு வரை தேயலாம் என்பது பெரும்பாலும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் பேட் மட்டும் மாற்றிப் பயனில்லை.

முதல் சில நாட்கள்

புதிய பேடின் முகம் பழைய டிஸ்க்கோடு முழுதாகப் பொருந்தக் கொஞ்சம் ஓட்டம் தேவை. அதுவரை பிரேக் முழுப் பலத்தில் பிடிக்காது. நெரிசல் இல்லாத சாலையில், மிதமான வேகத்திலிருந்து மெல்லப் பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். சற்று ஓடவிட்டு, டிஸ்க் ஆறியதும் மறுபடி செய்யுங்கள். இப்படிப் பத்துத் தடவை செய்யலாம். முதல் சில நாட்கள் திடீர்ப் பிரேக்கைத் தவிர்த்து, முன்னால் போகும் வண்டிக்குக் கூடுதல் இடைவெளி விடுங்கள். ஓட்டி நிறுத்தியதும் டிஸ்க்கைத் தொடாதீர்கள், சுட்டுவிடும்.

ஒரே வண்டியை வாப்பாவும் மகனும் மகளும் மாறி மாறி ஓட்டும் வீடுகளில் இன்னொன்றும் அவசியம். சாவியைக் கொடுக்கும்போது, "பேட் புதுசு, பார்த்து ஓட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். பேட் மாற்றியது அடுத்து ஓட்டுபவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.