நிறம் மாறும் பாசிமணிகள்



நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவாயினும் நம் ஆலயத் திருவிழாவாயினும், கடைத்தெருவில் கோவை கோவையாகப் பாசிமணிகள் தொங்குவதைக் காண்கிறோம். விலை கேட்கிறோம், நிறம் பார்க்கிறோம், வாங்கி அணிகிறோம். அந்த நிறம் எவ்வாறு வந்தது என்று கேட்பவர் நம்முள் எத்தனை பேர்?

விளக்குச் சுடரில் கண்ணாடியை உருக்கி மணி செய்வோரைக் கேட்டால் ஒரு வியப்பான செய்தியைச் சொல்வார்கள். நீல மணி வேண்டுமென்று உருக்கினால் சில வேளை அது செம்மை படர்ந்து வரும். தெளிந்த மணி வேண்டுமென்றால் கருமை பூசிக்கொண்டு வரும். கண்ணாடி ஒன்றுதான், கையும் ஒன்றுதான். நிறம் மட்டும் ஏன் மாறுகிறது? இதனையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நம் மாவட்டத்துப் பாசிமேடு

பாசிமணித் தொழில் நமக்கு அயலானதன்று. நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் பொருந்தல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பழைய குடியிருப்பு மேட்டை ஊரார் ‘பாசிமேடு’ என்றே அழைத்து வந்தனர். 2009, 2010 ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அவர்கள் தலைமையில் அவ்வூரில் அகழாய்வு நடைபெற்றது. பல நிறக் கண்ணாடிப் பாசிகள் ஏராளமாகக் கிடைத்தன. ஊரார் வைத்த பெயர் காரணப் பெயரே என்பது உறுதியாயிற்று. அங்குள்ள ஈமக்குழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 என ஆய்வில் தெரிந்தது.

புதுச்சேரிக்கு அருகே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடும் பாசிமணிக்குப் பெயர் பெற்றது. 1945 இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு செய்தார். உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்குவது அங்கு வழங்கிய முறை. இவ்வகைச் சிறு மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரை சென்றன. காசியில் இன்று செய்யும் மணிகளோ வேறு முறையின; கண்ணாடிக் கோலைச் சுடரில் உருக்கிக் கம்பியின்மேல் சுற்றிச் சுற்றிச் செய்பவை. முறை எதுவாயினும் நிறத்தை ஆளும் விதி ஒன்றே.

நிறம் தருபவை எவை?

மணல், சோடா, சுண்ணாம்பு ஆகிய மூன்றும் சேர்ந்து உருகியதே சாதாரணக் கண்ணாடி. அதற்கு இயல்பாக நிறமில்லை. மணலில் கலந்துள்ள இரும்பு அதற்குப் பச்சைச் சாயல் தருகிறது. கண்ணாடிப் பலகையின் விளிம்பைப் பக்கவாட்டில் நோக்கினால் இதனைக் காணலாம். மற்ற நிறங்களுக்காக உலோகச் சேர்மங்களை மிகச் சிறிய அளவில் சேர்ப்பார்கள். கோபால்ட் நீலம் தரும். குரோமியம் பச்சை தரும். மாங்கனீஸ் கத்தரிப்பூ நிறம் தரும்.

செம்பு எந்த நிறம் தரும்? இங்கேதான் புதிர் தொடங்குகிறது. செம்பு நீலமும் தரும், பச்சையும் தரும், சிவப்பும் தரும். எதைத் தருவது என்பதைச் சுடர் முடிவு செய்கிறது.

இரு வகைச் சுடர்

வீட்டு அடுப்பை நினைத்துக்கொள்வோம். காய்ந்த விறகு, நல்ல காற்றோட்டம். சுடர் தெளிவாக எரிகிறது. அடுப்பின் வாயை அடைத்து விறகைத் திணித்தால் புகை சூழ்கிறது. பாத்திரத்தின் அடியில் கரி படிகிறது. முதற் சுடரில் ஆக்சிஜன் மிகுதி. அது உலோகத்துக்கு ஆக்சிஜனைத் தருகிறது. இரண்டாவதில் ஆக்சிஜன் பற்றாக்குறை. அது உலோகச் சேர்மத்திலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. முன்னதை ஆக்சிஜனேற்றச் சுடர் என்றும், பின்னதை ஒடுக்கச் சுடர் என்றும் வேதியியலில் படிக்கிறோம்.

நம் முன்னோரின் கருப்பு சிவப்புப் பானைகள் இதற்கு நல்ல சான்று. ஒரே மண்ணால் ஆன பானை உள்ளே கருப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருக்கிறது. பானையைக் கவிழ்த்துச் சூளையில் வைக்கும்போது வெளிப்புறத்துக்குக் காற்று கிடைத்தது, உட்புறத்துக்குக் கிடைக்கவில்லை. பானைக்குப் பொருந்தும் விதியே பாசிக்கும் பொருந்துகிறது. ஆக்சிஜன் நிறைந்த சுடரில் செம்பு நீலமாகவும் பச்சையாகவும் தோன்றும். ஆக்சிஜன் குறைந்தால் செம்பின் நுண்துகள்கள் பிரிந்து கண்ணாடி முழுவதும் பரவிச் சிவப்பு நிறம் தரும். பழைய மணிகளில் காணும் ஒளி ஊடுருவாத செந்நிறம் இவ்வாறு வந்ததே. வெப்பமானியோ வாயு அளக்கும் கருவியோ இல்லாத காலத்தில், சூளையின் மூச்சைக் கண்ணாலேயே அளந்து ஆயிரமாயிரம் சிவப்பு மணிகளைச் செய்தவர்களின் திறமையை என்னென்பது!

ஆய்வுக்கூடத்து மணி

நாமும் மணி செய்கிறோம் என்றால் தங்கைமார் வியப்பார்கள். மேல்நிலை வகுப்பு வேதியியலில் வரும் வெண்கார மணிச் சோதனை ஒரு சிறிய பாசிமணித் தொழிலே அன்றோ! தட்டார் பொன்னைப் பற்றவைக்கப் பயன்படுத்தும் அதே வெண்காரம்தான் இது. பிளாட்டினக் கம்பியின் நுனியை வளையமாக்கி, சூடேற்றி, வெண்காரத் தூளில் தொட்டு மீண்டும் சுடரில் காட்டுகிறோம். வெண்காரம் முதலில் நீரை இழந்து பொரிகிறது. பின்னர் உருகித் தெளிந்த மணியாகிறது. அதில் உப்பைச் சிறிதே ஒட்டவைத்துப் புன்சன் விளக்கில் காட்டினால், மணி ஆறியதும் பின்வரும் நிறங்களைக் காணலாம்.

1. செம்பு: ஆக்சிஜனேற்றச் சுடரில் நீலம், ஒடுக்கச் சுடரில் ஒளி ஊடுருவாத சிவப்பு.
2. இரும்பு: முன்னதில் மஞ்சள், பின்னதில் பச்சை.
3. மாங்கனீஸ்: முன்னதில் கத்தரிப்பூ நிறம், பின்னதில் நிறமில்லை.
4. கோபால்ட்: இரண்டிலும் நீலம்.
5. குரோமியம்: இரண்டிலும் பச்சை.

எதிர்பாராத நிறம் வருவதற்கான காரணங்களும் இங்கேயே விளங்குகின்றன. கம்பியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துச் சுட்டுத் தூய்மை செய்யாவிடில், முன்னர் ஒட்டிய உப்பு இப்போதும் பேசும். உப்பு அதிகமானால் மணி கருத்துப்போகும். ஒடுக்கச் சுடரில் சிவந்த மணியைக் கனலாக இருக்கும்போதே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்தால், அது மீண்டும் ஆக்சிஜனைப் பெற்றுச் சிவப்பை இழக்கும். தொழிற்கூடத்தில் ஈயம் கலந்த கண்ணாடியைப் புகைச்சுடரில் காட்டினால், ஈயம் மேலே பிரிந்து கருமை படர்வதும் இதே காரணத்தால்தான். செம்பு கலந்த நீலக் கண்ணாடியும் கந்தகம் கலந்த தந்தநிறக் கண்ணாடியும் தொடுமிடத்தில் கரிய கோடு தோன்றுவதும் உண்டு. செம்பும் கந்தகமும் கூடுவதே அதற்குக் காரணம்.

மறைந்திருக்கும் சிவப்பு

சூட்டில் உள்ள நிறத்தை நம்பலாகாது. செம்பு மணி சூடாக இருக்கையில் பச்சை, ஆறினால் நீலம். காட்மியம் கலந்த கண்ணாடிகளும் சூட்டில் அடர்ந்த நிறம் காட்டி, ஆறியபின் தம் இயல்பான நிறத்துக்குத் திரும்பும்.

இதனினும் விந்தையானது பொன் கலந்த கண்ணாடி. உருக்கி விரைவாகக் குளிரச் செய்தால் அது நிறமின்றி இருக்கும். மீண்டும் மெல்லச் சூடேற்றினால் செக்கச் செவேலென மாறும். இதனை விளங்கிக்கொள்ள நெய்யை எண்ணிப் பார்க்கலாம். உருகிய நெய்யைச் சட்டென்று குளிரவைத்தால் மழமழவென உறையும். மெல்ல ஆறவிட்டால் மணல் மணலாக உறையும். அதுபோலப் பொன்னின் துகள்கள் ஒன்றுகூடி வளர்வதற்குச் சூடும் நேரமும் தேவை. மிக நுண்ணிய பொன்துகள்கள் சிவப்பு நிறம் காட்டும் என்பதை 1857 இல் மைக்கேல் பாரடே ஆராய்ந்து வெளியிட்டார். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய ஏழைச் சிறுவன் அவர் என்பதை இங்கு நினைவுகூர்வது தகும்.

செய்து முடித்த பின்னும் சில கண்ணாடி ஓய்வதில்லை. பச்சைச் சாயலை நீக்குவதற்காக மாங்கனீஸ் சேர்த்த பழைய வெள்ளைக் கண்ணாடிகள், பல்லாண்டு வெயிலில் கிடந்தால் மெல்லக் கத்தரிப்பூ நிறம் பெறுகின்றன. கதிரவனின் ஒளியே அங்கு வேதியியல் செய்கிறது.

ஏட்டில் எதை எழுதுவது?

இப்பாடத்தால் நாம் பெறும் பயன் யாது? மணி செய்து பிழைப்போரின் நிலையை முதலில் எண்ணுவோம். ஒரு கோவையில் உள்ள மணிகள் எல்லாம் ஒரே நிறமாக வேண்டும் என்பார் வாங்குபவர். சுடர் சற்றே புகைந்தால் அன்றைய உழைப்பு வீண். ஆகவே காரணம் அறிவது அவர்களுக்குச் சோறு போடும் அறிவு. காற்றைக் கூட்டிக் குறைப்பது, கண்ணாடிக் கோலைத் துடைப்பது, சுடரில் வைக்கும் நேரத்தை அளப்பது ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவரே பழுதின் வேரைக் காண்பார். மூன்றையும் ஒருசேர மாற்றினால் எதனால் சீரானது என்பதே தெரியாது போய்விடும்.

நம் நிலையோ வேறு. ஆய்வுக்கூடத்தில் நூல் ‘நீலம்’ என்கிறது; நம் மணி சிவந்திருக்கிறது. பக்கத்துத் தோழியின் ஏட்டைப் பார்த்து ‘நீலம்’ என எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் சிவப்பு வந்ததற்கு ஒரு காரணம் உண்டே! நம் விளக்கின் காற்றுத்துளை மூடியிருந்ததை அந்த மணி நமக்குச் சொல்ல வந்தது. பொய்யாக எழுதிய அக்கணமே அதன் வாயை அடைத்துவிடுகிறோம். நாளை மருத்துவமனைச் சோதனைக் கூடத்திலோ, மருந்துத் தொழிற்சாலையிலோ பணி செய்யப் போகிறவர்கள் நம்மில் உண்டு. அங்கு கண்டதை மறைத்து எழுதினால் நோயாளி அல்லவா துன்புறுவார்?

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் பெரியோர் வாக்கு. ஆகவே தோழியரே, சிவப்பைக் கண்டால் சிவப்பு என்றே எழுதுவோம். அதன் கீழே, சுடர் எத்தகையது, கம்பி தூயதா, மணி ஆறியதா என்பதையும் குறித்துவைப்போம். பிறகு காற்றுத்துளையைத் திறந்து மீண்டும் ஒருமுறை செய்து பார்ப்போம்.