கோடு போட்ட பிறகே கழற்றுங்கள்

சாலையோரம் நிற்கும் லாரியின் அடிப்பக்கத்தைச் சற்றுத் தள்ளி நின்று குனிந்து பாருங்கள். முன்னால் உள்ள கியர் பெட்டியிலிருந்து பின் அச்சை நோக்கி ஓர் இரும்புக் குழாய் செல்வது தெரியும். இதற்குப் புரொபெல்லர் ஷாஃப்ட் என்று பெயர். நாம் இதை ஓட்டுதண்டு என்போம். எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்ப்பது இதன் வேலை. 2014 வரை நம் நாட்டில் தயாரான அம்பாசடர் காரிலும் இத்தகைய தண்டு உண்டு.

பழுது பார்ப்பதற்காக இதைக் கழற்றும் அனுபவமுள்ள மெக்கானிக், முதலில் ஸ்பானரை எடுப்பதில்லை. இணையும் பகுதிகளின் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போடுகிறார். பூட்டும்போது அந்தக் கோடுகள் நேருக்கு நேர் வருமாறு பூட்டுகிறார். இந்தக் கோடு எதற்கு? உருண்டையான தண்டை எப்படிப் பூட்டினால் என்ன?

தண்டு ஏன் மடங்க வேண்டும்?

கியர் பெட்டி காரின் உடலோடு பொருத்தப்பட்டது. பின் அச்சோ ஸ்பிரிங்கின் மேல் ஏறி இறங்குவது. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் தண்டின் சாய்வு மாறும். நீளமும் சிறிது மாற வேண்டும்.

சாய்வு மாறுவதற்காகத் தண்டின் இரு முனைகளிலும் மூட்டுகள் உள்ளன. உண்டிவில்லின் கவட்டை போன்ற இரண்டு கவைகள். அவற்றை இணைக்கும் ஒரு சிலுவைத் துண்டு. இதுவே மூட்டு. பட்டறைகளில் இதனை யுனிவர்சல் ஜாயின்ட் என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் இதன் இயக்கத்தை ஆராய்ந்த ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக்கின் பெயரால் ‘ஹூக் மூட்டு’ என்றும் வழங்குகிறது. ஸ்பிரிங் விதியில் நீங்கள் படித்த அதே ஹூக்தான்!

நீளம் மாறுவதற்காகப் பல தண்டுகள் இரு துண்டுகளாக உள்ளன. ஒன்றின் மேல் நீளவாக்கில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். அது மற்றதன் உள்ளே சறுக்கிச் செல்லும்.

சீராகச் சுழலாத மூட்டு

ஹூக் மூட்டுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும், சாய்ந்துள்ள மறுபக்கம் சீராகச் சுழல்வதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைகிறது, இருமுறை தயங்குகிறது. ஏன் என்பதைத் தாளிலேயே காணலாம்.

6 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரையுங்கள். மையத்தின் வழியே கிடைக்கோடு ஒன்று போடுங்கள். அதிலிருந்து 30, 60, 90 பாகைகளில் வட்டத்தின் மேல் புள்ளிகள் இடுங்கள். இப்போது ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் பாதியாகக் குறைத்துப் புதிய புள்ளிகள் வையுங்கள். 60 பாகை சாய்த்த வட்டம் இப்படித்தான் தோன்றும். மையத்திலிருந்து புதிய புள்ளிகளுக்குக் கோடுகள் வரைந்து கோணமானியால் அளந்து பாருங்கள். சமமாக இருந்த மூன்று 30 பாகைகள், ஏறத்தாழ 16, 25, 49 பாகைகளாக மாறியிருக்கும்!

சாய்ந்த மூட்டிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு தண்டு 30 பாகை திரும்பும் நேரத்தில் மற்றது ஓரிடத்தில் 16 பாகையே திரும்புகிறது. வேறோரிடத்தில் 49 பாகை திரும்பிவிடுகிறது.

காரில் சாய்வு இவ்வளவு பெரிதன்று. 10 பாகை என்று கொள்வோம். கியர் பெட்டி நிமிடத்திற்கு 1000 சுற்று சீராகச் சுழன்றால், தண்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் 985க்கும் 1015க்கும் இடையே ஊசலாடும்.

பிழையைப் பிழை திருத்துகிறது

பின் முனையில் உள்ள இரண்டாவது மூட்டும் இதே குறை உடையதுதான். ஆனால் முதல் மூட்டு தண்டை விரைவுபடுத்தும் கணத்தில் இரண்டாவது மூட்டு வேகத்தைக் குறைக்குமானால், பின் அச்சுக்கு மீண்டும் சீரான 1000 சுற்றே போய்ச் சேரும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரு மூட்டுகளின் சாய்வும் சமமாக இருக்க வேண்டும். தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் அமைய வேண்டும்.

இங்கேதான் கோடு உதவுகிறது. சறுக்கும் பகுதியில் 16 பற்கள் இருந்தால், ஒரு பல் தள்ளிச் செருகினாலே 22½ பாகை பிழை. நான்கு பல் தள்ளினால் 90 பாகை. அப்போது இரு மூட்டுகளின் குறைகளும் ஒன்றையொன்று நீக்காமல் கூடிவிடும். வேகம் 970க்கும் 1031க்கும் இடையே ஊசலாட முயலும். தண்டு நிமிடத்திற்கு 3000 சுற்று சுழலும்போது ஒரு நொடிக்கு 100 முறை இழுபறி! கார் நடுங்கும், தாங்கிகள் விரைவில் தேயும். புதிய உதிரிப் பாகங்களை மாற்றினாலும் நடுக்கம் தீராது.

பின் அச்சோடு இணையும் தட்டிலும் கோடு போடுவது வழக்கம். அது சமநிலைக்காக. தண்டின் மேல் ஒட்டியிருக்கும் சிறு இரும்புத் துண்டுகள் அழுக்கல்ல. எடையைச் சமன் செய்ய வைத்தவை. அவற்றைப் பெயர்த்துவிடக் கூடாது.

ஓர் எச்சரிக்கை

வீட்டில் பெரியவர்கள் இவ்வேலையைச் செய்தால் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தண்டைக் கழற்றியதும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. கியரில் போட்டு நிறுத்திய கார்கூட அப்போது உருளலாம். ஆகவே சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தாக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருபோதும் போகக் கூடாது. உறுதியான தாங்கிகளின் மேல் கார் நிற்க வேண்டும்.

சிந்தியுங்கள்

1. சரியாகப் பூட்டிய பிறகு, இரு மூட்டுகளுக்கும் இடையிலுள்ள தண்டு சீராகச் சுழலுமா?

2. 1983இல் வந்த மாருதி 800 காரில் முன் சக்கரங்களே ஓட்டும் சக்கரங்கள். அவையே திரும்பவும் வேண்டும். அங்கே ஹூக் மூட்டு ஏன் பொருந்தாது?

விடைகள்: (1) சுழலாது, அது ஊசலாடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சாய்வைச் சிறிதாக வைக்கிறார்கள். (2) சக்கரம் திரும்பும்போது வெளிமூட்டின் சாய்வு மட்டும் பெரிதாகிறது. இரு சாய்வும் சமமாக இருப்பதில்லை. ஆகவே எந்தச் சாய்விலும் சீராகச் சுழலும் குண்டு மூட்டு அங்கே தேவை.