டப்பாவைத் திறக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு எப்பாக்சி தரை போட வேலை பேசியிருப்பதாகவும், எந்தக் கம்பெனி ரெசின் நல்லது என்றும் கேட்டு எழுதியிருந்தாய். நீயே எடுக்கும் முதல் வேலை, மனசுக்கு நிறைவாக இருக்கிறது. கம்பெனி பெயரைப் பிறகு பேசிக்கொள்ளலாம். நம் பக்கத்தில் உரிந்துபோன தரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ரெசின் மோசமாகி உரிந்தது குறைவு. அடியில் கிடந்த கான்கிரீட் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்காமல் விட்டதால் உரிந்ததுதான் அதிகம்.

உரிந்த தரை எங்கேயாவது கண்ணில் பட்டால் ஒரு சில்லைப் பெயர்த்து எடு. மேல்பக்கம் பளபளவென்று இருக்கும், ஒன்றும் சொல்லாது. திருப்பிப் பார். அடியில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி சிமென்ட் தூள் ஒட்டியிருந்தால், மேல்தோலைத் தேய்த்து எடுக்காமலே பூசியிருக்கிறார்கள். அடிப்பக்கம் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்து, பெயர்ந்த இடத்தில் ஈரமோ வெள்ளை உப்போ தெரிந்தால், கீழிருந்து தண்ணீர் தள்ளியிருக்கிறது. பிசுபிசுப்பாக இருந்தால் எண்ணெய். மணலும் ஜல்லியும் சேர்ந்தே பிய்ந்து வந்திருந்தால் பூச்சு நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, கான்கிரீட்டுக்குத்தான் பலம் போதவில்லை. யார் மேல் தப்பு என்று ஊரே சண்டை போட்டாலும் அந்தச் சில்லின் அடிப்பக்கம் சொல்வதை நம்பு.

மேல்தோல் என்றேனே, அது சிமென்ட் பால். தளம் போட்டு மட்டப்பலகையால் இழுக்கும்போது தண்ணீரும் நைசான சிமென்ட்டும் மேலே வந்து, காய்ச்சிய பாலில் ஆடை கட்டுவது போலப் படியும். நம் ஊர் வெயிலில் தளம் சீக்கிரம் இறுகிவிடுகிறது என்று தண்ணீர் தெளித்து, வறட்டு சிமென்ட் தூவி மழமழவென்று தேய்க்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் பூச்சுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. வைரக்கல் பொருத்திய கிரைண்டரைத் தூசி உறிஞ்சும் வேக்குவத்தோடு ஓட்டி, உள்ளங்கையால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும்வரை தேய்க்க வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதும், காசு மிச்சம் என்று சொல்வார்கள். ஆசிட் எண்ணெயை எடுக்காது. சரியாகக் கழுவாவிட்டால் உப்பையும் ஈரத்தையும் உள்ளே விட்டுவிட்டுப் போகும். வேண்டாம்.

ஈரத்துக்கு வருகிறேன். புதுத் தளம் என்றால் 28 நாள் கழியாமல் கை வைக்காதே. கழிந்தாலும் நம்பிவிடாதே. நம் பக்கம் மண்ணுக்கும் தளத்துக்கும் நடுவில் பாலிதீன் விரிப்பு போடாமலே கான்கிரீட் கொட்டிய பட்டறைகள் உண்டு. கீழே ஈரம் இருக்கும்வரை அது மேலே ஏறிக்கொண்டேதான் இருக்கும். போர் தண்ணீரின் உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலிதீன் ஷீட்டை எடுத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவை. பிரித்துப் பார்க்கும்போது ஷீட்டின் அடியில் நீர் கோர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ வேலையைத் தள்ளிவை. தள்ளிவைக்க முடியாது என்று முதலாளி நின்றால் ஈரம் தடுக்கும் தனி பிரைமருக்கு விலை சொல். செலவு கூடும்தான். அதை முன்னாலேயே பேசிவிடு.

பழைய பட்டறைத் தரை என்றால் டீசல், கிரீஸ், ஹைட்ராலிக் ஆயில் எல்லாம் குடித்திருக்கும். தேய்த்த பிறகு அங்கங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். கான்கிரீட் அதை உறிஞ்சினால் சரி. தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. டிகிரீசர் போட்டு வெந்நீரில் கழுவி மறுபடி பார். அதற்கும் போகவில்லையா, அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுக் கான்கிரீட் போடச் சொல்.

இன்னொன்று. பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங்கும் கேஸ் கட்டிங்கும் நாள் முழுக்க நடக்கும். தெறித்து விழும் கசடு எப்பாக்சியைப் பொசுக்கிக் கரும்புள்ளி வைக்கும். எந்த விலை கொடுத்து வாங்கிய ரெசினும் இதற்குத் தாங்காது. அதனால் வெல்டிங் நடக்கும் பகுதியில் கான்கிரீட்டை இறுக்கும் சிலிகேட் திரவம் மட்டும் பூசலாம். பெயின்ட் அடிக்கும் அறைக்கும் ஸ்டோருக்கும் எப்பாக்சி போடலாம் என்று சொல். சதுர அடி குறையும், உன் பில்லும் குறையும். குறையட்டும்.

எப்பாக்சி ஒன்றும் நேற்று வந்ததில்லை. சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டன் என்பவர் செயற்கைப் பல் செய்யத் தோதான பொருளைத் தேடிக் கண்டது. சீபா நிறுவனம் 1946இல் அதை அரால்டைட் என்ற பசையாக வெளியிட்டது. வீட்டில் உடைந்த சாமானை ஒட்ட இரண்டு டியூப் பிதுக்கிக் கலக்கிறோமே, தரைக்கும் அதே வேதியியல்தான். ரெசினும் ஹார்ட்னரும் குறிப்பிட்ட அளவில் சேர்ந்தால்தான் கெட்டியாகும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட ஊற்றும் பழக்கம் சில பேருக்கு உண்டு. கூடின ஹார்ட்னர் சேர்வதற்கு ரெசின் இல்லாமல் தனியே நின்று தரையைப் பிசுபிசுக்க வைக்கும். டப்பாவைப் பங்கு போடாதே, முழு செட்டாகக் கல. மெதுவாகச் சுற்றும் டிரில்லில் 3 நிமிஷம் ஓட்டி, ஓரத்தையும் அடியையும் சுரண்டி, இன்னொரு வாளிக்கு மாற்றி மறுபடி ஓட்டு.

கலந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதே. வெப்பம் 10 டிகிரி கூடினால் கலவையின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். டப்பாவில் 40 நிமிஷம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 25 டிகிரிக்குச் சொன்னது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அது செல்லாது. வாளியிலேயே இருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும், தரையில் பரப்பினால் சூடு இறங்கிவிடும். காலையில் தரை சூடேறும் நேரத்தில் பிரைமர் அடித்தால் கான்கிரீட்டின் துவாரங்களில் இருக்கும் காற்று விரிந்து கொப்புளமாக எழும். தரை ஆறத் தொடங்கும் சாயங்காலம்தான் நல்ல நேரம். மார்கழியில் மட்டும் கவனம். தரையின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே பால் நிறத்தில் ஒரு வழுக்குப் படலம் வரும், அடுத்த கோட் அதன்மேல் பிடிக்காது.

விலை சொல்லும் முன் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் கனத்துக்கு 1 லிட்டர் வேண்டும். 1000 சதுர அடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர், 3 மில்லிமீட்டருக்கு 279 லிட்டர். 3 மில்லிமீட்டர் என்று பில் போட்டு 100 லிட்டரில் முடிக்கிறவன் 1 மில்லிமீட்டர்தான் கொடுத்திருக்கிறான். உன் பில்லில் கனத்தோடு லிட்டரையும் எழுது.

ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்காரர் காயப்போடும் களத்துக்கும் எப்பாக்சி கேட்கிறார் என்றாயே, அந்த வேலையை எடுக்காதே. வழக்கமான எப்பாக்சி வெயிலைத் தாங்காது. முதலில் மஞ்சளாகும், பிறகு சுண்ணாம்புத் தூள் போல மேலே உதிரும். மக்கள் சாப்பிடும் பண்டம் அந்தத் தூளின் மேல் காயக்கூடாது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலம் ஜவ்வரிசியின் பெயரும் அதில் இருக்கிறது. களத்தை நல்ல கான்கிரீட்டாகவே சரிசெய்து தரச் சொல். ஆலைக்குள் மாவுத் தண்ணீர் புளித்து சிமென்ட்டை அரிக்கும் இடங்களுக்கு, வெந்நீரையும் புளிப்பையும் தாங்கும் பாலியூரித்தேன் கான்கிரீட் 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை போடலாம். மொட்டை மாடிக்கு யாராவது கேட்டாலும் எப்பாக்சி இல்லை. வெயிலில் விரிந்து சுருங்கும் தளத்தோடு இழுபடும் வெள்ளை அக்ரிலிக் பூச்சுதான் அதற்குச் சரி. வெளியில் நடைபாதை, சாய்தளம் என்றால் வெயில் தாங்கும் அலிஃபாடிக் பாலியூரித்தேன் மேல்பூச்சு கேள், வழுக்காமலிருக்க ஈரக் கோட்டின்மேல் குவார்ட்ஸ் மணல் தூவு.

உன்னோடு வரும் பையன்கள் கையில் ரெசின் பட்டால் தின்னரில் கழுவ விடாதே. தின்னர் அதைத் தோலுக்குள் இன்னும் இறக்கும். துணியால் துடைத்து சோப்புப் போட்டுக் கழுவட்டும். எப்பாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது, அந்தப் பையன் இந்தத் தொழிலையே விட வேண்டி வரும். நைட்ரைல் கையுறை வாங்கும் செலவை முதல் பில்லிலேயே சேர்த்துவிடு. கையுறை போடாத எவனையும் கலவை வாளிப் பக்கம் விடாதே.

அன்புடன்,
உன் பெரியப்பா