ஓடும் பையனுக்குப் பெரியவர் என்ன தர முடியும்?

வீட்டுக்கு அடங்காமல் ஓடும் பையனைப் பிடித்து உட்காரவைத்துப் புத்தி சொல்வதுதான் நமக்குத் தெரிந்த முதல் வைத்தியம். அது பெரும்பாலும் பலிப்பதில்லை என்பது இப்படிப்பட்ட பிள்ளைகளோடு பழகிய எல்லோருக்கும் தெரியும். எது சரி, எது தவறு என்பது அவனுக்கும் தெரிந்ததுதான். ஆனால் தன்னை நம்பி ஒப்படைத்த வேலையோ, தன்னை எதிர்பார்த்திருக்கும் ஆளோ அவன் இருக்குமிடத்தில் இல்லை. இவை இரண்டும் கிடைத்த பிறகுதான் பெரியவர் வாய்ச்சொல் அவன் காதில் ஏறும் என்பது என் கருத்து. ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் வார்ல்பிரி பழங்குடிப் பெரியவர்கள் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே சுமார் 290 கிலோமீட்டரில் இருக்கிறது யுவெண்டுமு என்ற வார்ல்பிரி ஊர். 1990களின் தொடக்கத்தில் அங்கே பிள்ளைகள் பலர் டின்னில் பெட்ரோலை ஊற்றி மூக்கடியில் பிடித்தபடி இரவெல்லாம் தெருவில் திரிந்தார்கள்; பள்ளிக்கும் போகவில்லை, வீட்டிலும் தங்கவில்லை. மூளையையே அரித்துவிடும் பழக்கம் அது. 1994இல் பெக்கி நம்பிஜின்பா பிரவுன் உள்ளிட்ட பெரியவர்கள் பிள்ளைகளைச் சுமார் 160 கிலோமீட்டருக்கு அப்பால் மவுண்ட் தியோ என்ற குடியிருப்புக்கு அழைத்துப்போய்த் தாங்களும் கூடவே தங்கினார்கள். அங்கே உடும்பு பிடிக்க வேண்டுமானால் மணலில் பதிந்த தடத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். தடம் பழையதா புதியதா, எந்த வளைக்குள் போனது என்பதைத் தப்பாகக் கணித்தால் தோண்டிய குழி வெறுங்குழிதான். பையனின் தவறை அந்த மண்ணே காட்டிவிடுகிறது. பெரியவர் கடிந்துகொள்ள வேண்டியதில்லை, அடுத்த தடத்தைக் காட்டினால் போதும். வார்ல்பிரி உறவுமுறையில் யாரும் யாருக்கும் அந்நியரல்ல. அந்தப் பெரியவர் அவனுக்குத் தாத்தாவோ தாய்மாமனோ ஆகிவிடுகிறார். அவன் கேட்டு நடப்பது அந்த உறவின் உரிமைக்கு.

பிள்ளைகளை நாடுகடத்துவதற்கு இது வேறு பெயர்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவில் தனியார் நடத்திய வனாந்தர முகாம்களில் பதின்ம வயதினர் கொடுமைக்கு ஆளானதையும் இறந்ததையும் அந்நாட்டு அரசுத் தணிக்கை அமைப்பு 2007இல் ஆவணப்படுத்தியது. அங்கேயும் வனாந்தரம் இருந்தது, கட்டுப்பாடு இருந்தது. ஆனால் பையனுக்கு உறவென்று சொல்ல ஆள் இல்லை. மவுண்ட் தியோவில் காவல் இருந்தவர்களே அவனுடைய சொந்தங்கள். பாலைவனம் மட்டும் யாரையும் திருத்தாது என்பதற்கு இந்த வேறுபாடே சான்று.

வேறொரு ஐயமும் உண்டு. முகர்ந்தால் போதை தராத ஓபல் பெட்ரோல் வந்ததால்தான் பழக்கம் ஒழிந்தது என்பார்கள். ஓபல் பல ஊர்களுக்குப் பேருதவி செய்தது உண்மை. ஆனால் அது 2005இல்தான் வந்தது. யுவெண்டுமுவில் அதற்கு முன்பே பெட்ரோல் முகர்வது ஏறக்குறைய நின்றுவிட்டது. அதற்காகப் பெருமை முழுவதையும் மவுண்ட் தியோவுக்கே கொடுத்துவிடவும் முடியாது. ஊரில் தினமும் விளையாட்டும் டிஸ்கோவும் மற்ற நிகழ்ச்சிகளும் நடத்தினார்கள்; வளர்ந்த இளைஞர்களையே அவற்றை நடத்தப் பழக்கினார்கள். திரும்பி வரும் பையனுக்குப் பழைய தெருவும் பழைய டின்னும் மட்டுமே காத்திருந்தால், பாலைவனத்தில் கற்றது ஒரு வாரம்கூடத் தாங்காது.

பிள்ளைகளோடு வேலை செய்யும் ஆசிரியருக்கும் உறவினருக்கும் இதிலிருந்து நான் எடுத்துச் சொல்வது இவ்வளவுதான். பேச்சைத் தொடங்குமுன் சேர்ந்து செய்ய ஒரு வேலையைக் கண்டுபிடியுங்கள். அதில் அவன் தவறினால் தவறு தானே தெரிய வேண்டும், உங்கள் வாயால் அல்ல. அவனை அழைத்துப்போகும் ஆளுக்கு உறவோ ஊர் கொடுத்த உரிமையோ இருக்க வேண்டும். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எதையும் செய்யாதீர்கள். அவன் திரும்பி வரும் நாளுக்கான ஏற்பாட்டை, புறப்படும் நாளிலேயே செய்துவையுங்கள். பழங்குடிப் பெரியவரை மாயக்காரராகப் பார்ப்பதையும் விட்டுவிடுவோம். அவர்களிடம் இருந்தது பொறுமை, நிலத்தைப் பற்றிய அறிவு, பின்னால் நின்ற ஒரு ஊர். முதல் இரண்டும் தனியொருவரிடம் இருக்கலாம். மூன்றாவதை உருவாக்குவது நம் எல்லோருடைய கடமை.