கடவுச்சொல் கேட்காத கதவு

திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் 'பரம் பொருள்' என்னும் மீத்திறன் கணிப்பொறி தொடங்கி வைக்கப்பெற்றது. அதன் திறன் 838 டெராஃபிளாப்ஸ். அதாவது நொடிக்கு 838 இலட்சம் கோடிக் கணக்குகள். இத்தகைய பொறிகளின் முன்னால் சென்று யாரும் அமர்வதில்லை. 'எஸ்.எஸ்.எச்.' என்னும் பாதுகாப்பான இணைப்பின் வழியே தொலைவிலிருந்தே பயன்படுத்துகின்றனர். உரிமை கிடைத்தால், அரியலூரிலும் பெரம்பலூரிலும் இருந்துகொண்டே நாமும் அவ்வாறு செய்யலாம். விலையுயர்ந்த கணிப்பொறி வாங்க இயலாத நம்மைப் போன்றோர்க்கு இஃது ஒரு பெரும்பேறு எனலாம்.

1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்டன. அதன் விளைவாக, அங்கிருந்த டாட்டு இலோனன் என்பவர் அவ்வாண்டிலேயே எஸ்.எஸ்.எச். முறையை உருவாக்கினார். 'ஓப்பன் எஸ்.எஸ்.எச்.' என்னும் இலவச வடிவம் 1999இல் வந்தது.

இம்முறையில் கடவுச்சொல் மறையாக்கம் பெற்றே செல்கிறது. ஆயினும், பிறந்த ஆண்டையும் பெயரையும் கடவுச்சொல்லாக வைத்தால் பிறர் ஊகித்துவிடுவர் அன்றோ? இதற்கு மாற்றே சாவி முறை.

சாவிகள் இரண்டு: பொதுச்சாவி, தனிச்சாவி. பொதுச்சாவி பூட்டைப் போன்றது. அதை யாரிடமும் தரலாம். தனிச்சாவி நம்மிடமே இருக்கும். இணையும்போது, அந்த இணைப்புக்கே உரிய ஓர் எண்ணின் மீது நம் பொறி தனிச்சாவியால் கையொப்பமிடுகிறது. வழங்கி அதைப் பொதுச்சாவியால் சரிபார்க்கிறது. தனிச்சாவி நம் பொறியை விட்டு வெளியே செல்வதே இல்லை. ஒவ்வோர் இணைப்புக்கும் எண் மாறுவதால், பழைய கையொப்பம் திருடனுக்குப் பயன்படாது.

செய்முறை வருமாறு:

1. நம் பொறியில் 'எஸ்எஸ்எச்-கீஜென்' ஆணையை 'ஈடி25519' வகை குறித்து இயக்குக. இரு கோப்புகள் உண்டாகும். 'பப்' என முடிவது பொதுச்சாவி.

2. மறைதொடர் கேட்கும்போது வெறுமனே விடாது ஒன்றைத் தருக.

3. 'எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி' ஆணையுடன் பயனர் பெயரையும் வழங்கியின் பெயரையும் தருக. கடைசி முறையாகக் கடவுச்சொல் கேட்கப்படும். பொதுச்சாவி வழங்கியிலுள்ள 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்பில் ஒரு வரியாகச் சேரும்.

4. மீண்டும் இணைந்து பார்க்க. மறுத்தால் வழங்கியில் அக்கோப்பின் அனுமதியை 600 எனவும், அது உள்ள 'எஸ்எஸ்எச்' அடைவின் அனுமதியை 700 எனவும் அமைக்க. பிறர் எழுதக்கூடிய கோப்பை வழங்கி நம்பாது.

இரண்டாம் படியை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பில் அண்ணனுக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினியில்தான் இதைப் பழகினேன். அவர் சிமெண்டு லாரி ஓட்டச் சென்றுவிட்டார். அந்த ஒரே பொறியைத் தங்கையும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் திறக்கிறார்கள். அவர்களைத் தடுக்க எனக்கு மனமில்லை. மறைதொடர் இருப்பதால், பொறி பொதுவாயினும் சாவி எனக்கே உரியதாகிறது. 'எஸ்எஸ்எச்-ஏஜென்ட்' என்னும் துணைநிரல், மறைதொடரால் திறக்கப்பட்ட தனிச்சாவியை நினைவில் வைத்துக்கொள்வதால், ஒவ்வொரு முறையும் மறைதொடரைத் தட்டெழுத வேண்டுவதில்லை. வேலை முடிந்ததும் அதை நிறுத்திவிட வேண்டும்.

ஆய்வகப் பொதுப்பொறியில் தனிச்சாவியை விட்டுவரலாகாது. பொறி தொலைந்தால், வழங்கியில் அதற்குரிய வரியை நீக்கினால் போதும், அப்பூட்டு அகன்றுவிடும். நண்பர்கள் ஆய்வகத்தின் இரு பொறிகளுக்கிடையே, ஆசிரியர் அனுமதியுடன், இதனை இவ்வாரமே பழகிப் பார்ப்பார்களாக.