பொங்கல் பிரயாணமும் சுங்கச்சாவடி நெரிசலும்

பொங்கலுக்குக் காஞ்சிபுரத்திலிருந்து மதுரைக்குக் குடும்பத்துடன் வேனில் செல்லும் அங்கத்தினர்கள், பெரிய சாலையே விரைவான சாலை என்று எண்ணிவிடுகின்றனர். நாமும் ஓராண்டு அவ்வாறே எண்ணி, போகிக்கு முந்திய மாலையில் செங்கல்பட்டு வழியாகச் சென்று, ஆத்தூர் சுங்கச்சாவடிக்கு முன் நெடுநேரம் நின்றோம். குழந்தைகள் அழுதன, வயதான தாயாருக்கு ஒதுங்க இடமில்லை.

நெரிசல் எவ்வாறு உண்டாகிறது? சாவடியின் ஒரு தடத்தில் வண்டி ஒன்றுக்கு 10 விநாடி ஆவதாகக் கொள்வோம். மணிக்கு 360 வண்டிகள் கடக்கும். 400 வந்தால் 40 தேங்கும். இவ்வாறே 3 மணி நேரம் நீடித்தால் 120 தேங்கும். அப்போது வந்து சேர்பவர் 20 நிமிடம் காத்திருக்க நேரும். ஆகவே தேக்கம் தொடங்குமுன் கடந்துவிட வேண்டும்.

அலுவலகத்தில் பணிபுரிவோர் விடுமுறை தொடங்கும் மாலையில்தான் புறப்பட இயலும். நெசவாளருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. தறியிலுள்ள சேலையை இரண்டு நாள் முன்னதாக முடித்துக்கொடுத்துவிட்டு, விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பலாம். ஓட்டுநர் முன்னிரவில் நன்கு உறங்கியிருப்பது அவசியம்.

வந்தவாசி வழியாகச் சென்று திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை அடைந்தால் ஆத்தூர்ச் சாவடி குறுக்கிடாது. அச்சாலை அகலம் குறைந்தது; இருளில் மாடுகள் எதிர்ப்படும்; நிதானம் வேண்டும். அடுத்துள்ள விக்கிரவாண்டிச் சாவடியை விடிவதற்குள் கடந்துவிடலாம்.

வாடகை வேனாயின், பாஸ்டாக் கணக்கில் போதிய பணம் உள்ளதா என்று உரிமையாளரை முந்தின நாளே கேட்டறிக. இல்லையேல் கூடுதல் கட்டணம் செலுத்த நேரும். திரும்புகையிலும் விடுமுறையின் கடைசி மாலையைத் தவிர்த்து, மறுநாள் புறப்படுக. ஒருநாள் கூலி குறையுமே என்பர், குறையத்தான் செய்யும்.